படம் போனாலும் குரல் நின்றது: ‘டாக்டர் ஹூ’ ஒலி நாடகங்களின் வரலாறு

வரலாற்றுப் பாடத்தில் ‘மூலங்கள்’ என்று சொன்னவுடன் நம் மாணவர்கள் கல்வெட்டு, ஓலைச்சுவடி, நாணயம், அரசு ஆவணம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். அறுபதுகளில் ஏதோ ஒரு வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் பதிவு செய்த ஒலிநாடா மூலமாகுமா? இப்படிக் கேட்டால் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும். ‘ஆகும்’ என்பதுதான் சரியான பதில். அதற்கு மிக நல்ல சான்று, பிரிட்டனின் நீண்டகால அறிவியல் புனைவுத் தொடரான ‘டாக்டர் ஹூ’.

இந்தத் தொடர் இரண்டு முறை அழிவைச் சந்தித்தது. முதல் முறை அதன் படச்சுருள்கள் அழிந்தன. இரண்டாம் முறை தொடரே நிறுத்தப்பட்டது. இரண்டு முறையும் அதைத் தாங்கிப் பிடித்தது ஒலி. அந்த ஒலியைக் காப்பாற்றியவர்களும் பிறகு படைத்தவர்களும் பெரும்பாலும் சாதாரண ரசிகர்கள். ஒரு பண்பாட்டுப் படைப்பு எப்படி அழிகிறது, யாரால் பிழைக்கிறது என்பதை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது சிரமம்.

1. தொடரின் பின்னணி

‘டாக்டர் ஹூ’ பிபிசி தொலைக்காட்சியில் முதன்முதலில் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள். ‘டாக்டர்’ என்று மட்டுமே அழைக்கப்படும் ஒரு வேற்றுலகவாசி, ‘டார்டிஸ்’ என்ற கலத்தில் காலத்தையும் விண்வெளியையும் கடந்து பயணம் செய்கிறார். வெளியே பார்த்தால் அது ஒரு நீல நிறப் போலீஸ் பெட்டி. உள்ளே போனால் பெரிய மாளிகை போல விரியும்.

ஆசிரியர்கள் ரசிக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. டாக்டருடன் முதலில் பயணம் செய்தவர்களில் இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் அறிவியல் ஆசிரியர், இன்னொருவர் வரலாற்று ஆசிரியை. பொழுதுபோக்கோடு பிள்ளைகளுக்கு அறிவியலையும் வரலாற்றையும் கொஞ்சம் ஊட்டிவிட வேண்டும் என்பது தொடக்ககாலத் திட்டம்.

முதல் டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னல். 1966இல் அவர் விலகியபோது, தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டாக்டரின் இனத்தவர் சாகும் தருவாயில் உடலை மாற்றிக்கொண்டு புதிய முகத்துடன் எழுவார்களாம். அவ்வளவுதான், பேட்ரிக் ட்ரௌட்டன் இரண்டாம் டாக்டரானார். பின்னாளில் ஒலி நாடகம் வளர்ந்ததற்கும் இந்த உத்தியே வழி செய்தது. பழைய டாக்டர்கள் எல்லாருமே ‘உண்மையான’ டாக்டர்கள்தான். ஒரு நடிகருக்கு வயதாகி முகம் மாறினாலும் குரல் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே மைக்கின் முன் நின்றால் அவர் மீண்டும் அதே டாக்டர் ஆகிவிடலாம்.

தொடரின் அடையாளமே பாதி ஒலியில்தான் இருந்தது என்றும் சொல்லலாம். செலவுக்குப் பணம் குறைவு, அரங்க அமைப்பும் எளிமை. ஆனால் ரான் கிரெய்னர் எழுதிய தலைப்பிசையை, பிபிசியின் ஒலி ஆய்வுக்கூடத்தில் டெலியா டெர்பிஷர் மின்னணு ஒலிகளைக் கொண்டு நாடா நாடாவாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். டார்டிஸ் புறப்படும் முனகல் ஒலி, பிரையன் ஹாட்ஜ்சன் பியானோவின் கம்பிகள் மீது சாவியைத் தேய்த்து எடுத்தது. எதிரிகளான டாலெக்குகளின் கரகரத்த குரல் ஒரு மின்கருவி வழியே திரிக்கப்பட்ட மனிதக் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ‘இது டாக்டர் ஹூ’ என்று சொல்லிவிடலாம்.

2. முதல் அழிவு: துடைக்கப்பட்ட நாடாக்கள்

அறுபதுகளின் பல பாகங்களை பிபிசியே அழித்துவிட்டது. இன்றும் 90க்கும் மேற்பட்ட பாகங்களுக்குப் படம் கிடைக்கவில்லை. ஏன் அழித்தார்கள்? தேர்வில் ‘காரணங்களை விளக்குக’ என்று வரும் வினாவைப் போலவே இதையும் அணுகலாம்.

முதலாவது, பொருளாதாரக் காரணம். அந்நாளில் வீடியோ நாடா மிக விலை உயர்ந்தது. பழையதைத் துடைத்துவிட்டு அதன் மேல் புதிய நிகழ்ச்சியைப் பதிவு செய்வது வழக்கம். இரண்டாவது, சட்டக் காரணம். நடிகர் சங்கத்துடன் இருந்த ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்புக்கு வரம்பு வைத்திருந்தன. மூன்றாவது, தொழில்நுட்ப மாற்றம். வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளை வெளிநாடுகள் வாங்கமாட்டா என்று நினைத்தார்கள். நான்காவது, மனப்பான்மை. வீட்டில் வீடியோ வைத்துப் பார்க்கும் காலம் ஒன்று வரும் என்று அப்போது யாரும் திட்டமிடவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சி என்பது அன்றன்றைய நாளிதழ் மாதிரி, படித்தால் முடிந்தது.

யாரோ ஒருவர் வேண்டுமென்றே செய்த சதி அல்ல இது. ஒவ்வொரு முடிவும் அந்தந்த அலுவலகத்தில் நியாயமாகவே தெரிந்தது. எல்லாம் சேர்ந்தபோதுதான் இழப்பு பெரிதானது. 1978 வாக்கில் இந்தப் போக்கு நிறுத்தப்பட்டது.

ஆனால் ஓர் ஆச்சரியம் பாருங்க. படம் இல்லாத பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒலி இருக்கிறது! ஒன்றுகூட விடுபடவில்லை. அறுபதுகளில் வீடியோ கருவி சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத பொருள். ஒலிநாடாக் கருவியை மட்டும் சிலர் வாங்க முடிந்தது. பிடித்த தொடரை மறுபடியும் அனுபவிக்க வேறு வழியில்லாத இளம் ரசிகர்கள், பெட்டியின் முன் மைக்கை வைத்துப் பதிவு செய்தார்கள். சிலர் பெட்டியிலிருந்தே கம்பி இழுத்து, வீட்டுச் சத்தம் கலக்காமல் தெளிவாகப் பதிவு செய்தார்கள். வரலாற்றைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணமெல்லாம் அவர்களுக்கு இல்லை. அடுத்த வாரம் வரை மறுபடி மறுபடி கேட்க வேண்டும், அவ்வளவே ஆசை.

1990களில் பிபிசியே அந்த ஒலிப்பதிவுகளை, காட்சியை விளக்கும் வருணனைக் குரலைச் சேர்த்து, வணிகமாக வெளியிடத் தொடங்கியது. பிறகு அதே ஒலிக்குப் புதிய அசைவூட்டப் படங்களும் வரையப்பட்டன. இரண்டாம் டாக்டரின் முதல் கதையான ‘பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ ஆறு பாகங்கள் கொண்டது. ஆறுக்கும் படம் இல்லை. 2016இல் அது முழுவதும் அசைவூட்டமாக வெளிவந்தது. நிறுவனம் தூக்கிப் போட்டதை ரசிகர் வைத்திருந்தார். நிறுவனம் மீண்டும் அவரிடமே வந்தது.

3. வானொலியிலும் இசைத்தட்டிலும்: 1976 முதல் 1996 வரை

இதுவரை பார்த்தது தொலைக்காட்சி ஒலியின் பாதுகாப்பு. கேட்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகங்கள் 1976இல் தொடங்குகின்றன. அப்போது நான்காம் டாக்டராக இருந்தவர் டாம் பேக்கர். அந்த ஆண்டு ‘டாக்டர் ஹூ அண்ட் தி பெஸ்கடான்ஸ்’ என்ற நாடகம் இசைத்தட்டாக வந்தது. அதே 1976 அக்டோபரில், பிபிசியின் பள்ளி வானொலியில் ‘எக்ஸ்ப்ளொரேஷன் எர்த்’ என்ற கல்வி நிகழ்ச்சியிலும் டாக்டர் தோன்றினார். டாம் பேக்கரும் அவருடன் நடித்த எலிசபெத் ஸ்லேடனும் பூமி தோன்றிய வரலாற்றைக் கதையாக நடித்துக் காட்டினார்கள். வகுப்பறையில் வானொலியை வைத்துப் பிள்ளைகளைக் கேட்கச் செய்த காலம் அது.

1985இல் தொலைக்காட்சித் தொடர் 18 மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த இடைவெளியில் ஆறாம் டாக்டர் கோலின் பேக்கர், பிபிசி ரேடியோ 4இல் ‘ஸ்லிப்பேக்’ என்ற நாடகத்தில் நடித்தார். தொலைக்காட்சி கைவிட்டபோது வானொலி கை கொடுத்த முதல் சந்தர்ப்பம் இது. 1989 டிசம்பரில் தொடர் முற்றாக நின்றது. 26 பருவங்கள் ஓடிய தொடர், பெரிய அறிவிப்பு ஏதும் இல்லாமல் ஓய்ந்துபோனது. 1993இல் மூன்றாம் டாக்டர் ஜான் பெர்ட்வீ ‘தி பேரடைஸ் ஆஃப் டெத்’ வானொலி நாடகத்தில் திரும்பினார். 1996இல் அதன் தொடர்ச்சி ஒலிபரப்பான சில மாதங்களில் அவர் காலமானார்.

அதே 1996 மே மாதம் பால் மெக்கான் எட்டாம் டாக்டராக ஒரு தொலைக்காட்சித் திரைப்படத்தில் நடித்தார். புதிய தொடருக்கு அது முன்னோட்டமாக அமையும் என்று எதிர்பார்த்தார்கள். தொடர் வரவில்லை. ஒரே ஒரு படத்தோடு எட்டாம் டாக்டரின் கதை முடிந்துவிட்டது போலத்தான் தோன்றியது.

4. கேட்டவர்கள் படைப்பாளிகள் ஆனார்கள்

இதற்கிடையே 1980களின் நடுப்பகுதியிலிருந்தே ஒரு ரசிகர் குழு தாமாகவே ஒலி நாடகம் தயாரித்து ஒலிநாடாவில் பரப்பிக்கொண்டிருந்தது. ‘ஆடியோ விஷுவல்ஸ்’ என்பது அந்த முயற்சியின் பெயர். பிபிசியின் உரிமம் இல்லை, ஊதியமும் இல்லை. இருந்தும் 1991 வரை இருபதுக்கும் மேற்பட்ட கதைகளைச் செய்து முடித்தார்கள். அதில் டாக்டராகக் குரல் கொடுத்தவர் நிக்கோலஸ் பிரிக்ஸ். உடன் உழைத்தவர்களில் ஒருவர் கேரி ரஸ்ஸல். எப்படி எழுதுவது, எப்படி நடிகரை இயக்குவது, ஒலியால் ஒரு கோளை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் அவர்கள் கற்றுக்கொண்ட பயிற்சிக்கூடம் அதுவே.

ஜேசன் ஹெய்-எல்லரி தொடங்கிய ‘பிக் ஃபினிஷ்’ நிறுவனத்தில் இந்தத் திறமை ஒன்றுகூடியது. அவர்கள் 1998இல் முதலில் வெளியிட்டது டாக்டரின் கதை அல்ல. நாவல்களில் டாக்டருடன் பயணம் செய்த தொல்லியலாளர் பெர்னிஸ் சம்மர்ஃபீல்டின் கதைகள். அவை தரமாக அமைந்தன. பிறகு பிபிசியின் உரிமம் கிடைத்தது. 1999 ஜூலையில் ‘தி சைரன்ஸ் ஆஃப் டைம்’ வெளிவந்தது. பீட்டர் டேவிசன், கோலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் ஆகிய மூன்று டாக்டர்களும் அதில் நடித்தார்கள். எழுதி இயக்கியவர் நிக்கோலஸ் பிரிக்ஸ், தயாரித்தவர் கேரி ரஸ்ஸல். ஒலிநாடாக் காலத்து ரசிகர்கள் இப்போது உரிமம் பெற்ற படைப்பாளிகள்.

பழைய தொலைக்காட்சி வடிவத்தையே அவர்கள் பின்பற்றினார்கள். பெரும்பாலும் ஏறக்குறைய 25 நிமிடங்கள் கொண்ட நான்கு பாகங்கள், இரண்டு குறுந்தட்டுகள், ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் ஒரு திடுக்கிடும் திருப்பம். நடிகர்கள் தனித்தனிச் சிறு அறைகளில் நின்று, கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்தபடி வசனம் பேசுவார்கள். காலடி, கதவு, காற்று, இசை எல்லாம் பின்னர் சேரும். சில நாள்களில் ஒரு கதையின் குரல் பதிவு முடிந்துவிடும். தொலைக்காட்சியில் ஒரு பெரிய படை அணிவகுப்பதைக் காட்ட ஆகும் செலவு எங்கே, இது எங்கே?

5. ஒலியால் மட்டுமே முடிந்தவை

செலவு குறைவு என்பது ஒரு பக்கம். கலை என்ற வகையில் இந்த நாடகங்கள் என்ன சாதித்தன என்பதற்கு நான்கு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, கோலின் பேக்கர். 1986இல் பிபிசி அவரை நீக்கியது. அவருடைய டாக்டர் பலவண்ணக் கோட்டு அணிந்து, முரட்டுத்தனமாகப் பேசுபவர். பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஒலி நாடகத்தில் கோட்டு கண்ணுக்குத் தெரியாது, கேட்பது குரல் மட்டுமே. 2000இல் வந்த ‘தி மேரியன் கான்ஸ்பிரஸி’ கதையில் அவருக்கு எவலின் ஸ்மைத் என்ற புதிய உடன்பயணி கிடைத்தார். வயது 55, தொழில் வரலாற்று விரிவுரையாளர். மேகி ஸ்டேபிள்ஸ் குரல் கொடுத்தார். இங்கிலாந்து அரசி முதலாம் மேரியின் காலத்துக்கு (ஆட்சி 1553–1558) இருவரும் போகிறார்கள். டாக்டரை அதட்டவும் திருத்தவும் தெரிந்த இந்த மூத்த பெண்மணியின் துணையில், ஆறாம் டாக்டர் கனிந்த மனிதராக மாறினார். ஒருவர் மீதான தீர்ப்பைக் காலம் மாற்றியெழுத முடியும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, பால் மெக்கான். 2001 ஜனவரியில் ‘ஸ்டார்ம் வார்னிங்’ மூலம் அவர் டாக்டராகத் திரும்பினார். கதைக்களம் ஆர் 101 என்ற பிரிட்டிஷ் வான்கப்பல். இது உண்மை வரலாறு. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சிக்குப் புறப்பட்ட அந்தக் கப்பல், 1930 அக்டோபர் 5 அதிகாலையில் பிரான்சில் விழுந்து எரிந்தது. 48 பேர் இறந்தார்கள். கதையில், யாருக்கும் தெரியாமல் கப்பலில் ஏறிய சார்லி பொல்லார்ட் என்ற இளம்பெண்ணை டாக்டர் காப்பாற்றுகிறார். இந்தியா ஃபிஷர் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். ஆனால் வரலாற்றின்படி அவள் இறந்திருக்க வேண்டியவள். ஒருத்தியைக் காப்பாற்றியதால் காலத்திலேயே விரிசல் விழுகிறது. ‘நடந்ததை மாற்றலாமா?’ என்ற கேள்வி அடுத்தடுத்த கதைகளிலும் அவர்களைத் துரத்துகிறது.

மூன்றாவது, மார்க் பிளாட் எழுதிய ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ (2002). உயிர் பிழைப்பதற்காகத் தங்கள் உடலை இயந்திரமாக்கிக்கொண்ட சைபர்மேன்கள் எப்படித் தோன்றினார்கள் என்பதே கதை. இயந்திரமாக மாற்றப்பட்ட ஒரு மகள் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். தகப்பன் அவளை அடையாளம் கண்டுகொள்கிறார். படத்தில் காட்டியிருந்தால் உலோக உடை அணிந்த ஒரு நடிகர் என்று கண் சொல்லிவிடும். காதுக்கோ மாறிப்போன ஒரு குரலும் ஒரு தகப்பனின் தவிப்பும் மட்டுமே கிடைக்கின்றன.

நான்காவது, ராபர்ட் ஷியர்மன் எழுதிய ‘ஜூபிலி’ (2003). இதில் 1903இல் டாலெக்குகளை இங்கிலாந்து தோற்கடித்திருக்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து அந்த வெற்றியைக் கொண்டாடுகிறார்கள். அரக்கர்களான டாலெக்குகள் அங்கே வெறும் விற்பனைப் பொருளாகவும் வேடிக்கையாகவும் ஆகிவிட்டார்கள். மிஞ்சிய ஒரே டாலெக் சிறையில் கிடக்கிறது. ஒரு கொடுமையைக் கொண்டாட்டமாக மாற்றிவிட்டால், அதன் பாடம் மறந்துபோகும். பிறகு வென்றவர்களே தோற்றவர்களைப் போல ஆகிவிடுவார்கள். நினைவு விழாக்கள் பற்றிப் பேசும் எந்த வரலாற்று வகுப்புக்கும் இது பொருந்தும்.

6. தொலைக்காட்சிக்குத் திரும்பிய ஓடை

2005 மார்ச் 26 அன்று ‘டாக்டர் ஹூ’ மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தது. அப்போது ஒலி நாடகங்கள் ஒதுக்கப்படவில்லை. முதல் பருவத்தின் ‘டாலெக்’ பாகத்தை எழுதியவர் ராபர்ட் ஷியர்மன். அது அவருடைய ‘ஜூபிலி’யின் கருவிலிருந்து வளர்ந்தது. 2006இல் சைபர்மேன்கள் திரும்பிய கதையில் மார்க் பிளாட்டுக்கு நன்றி குறிப்பிடப்பட்டது. புதிய தொடரில் டாலெக்குகளுக்குக் குரல் கொடுத்தவர் வேறு யாருமல்ல, நிக்கோலஸ் பிரிக்ஸ்.

ஒரு கேள்வி மட்டும் ரசிகர்களிடையே தீராமல் இருந்தது. ஒலி நாடகத்தில் நடந்தவை ‘உண்மையாக’ நடந்தவையா, இல்லை வெறும் துணைக்கதைகளா? 2013 நவம்பர் 14 அன்று, தொடரின் 50ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி ‘தி நைட் ஆஃப் தி டாக்டர்’ என்ற சில நிமிடக் குறும்படம் வெளியானது. அதில் 17 ஆண்டுகளுக்குப் பிறகு பால் மெக்கான் திரையில் தோன்றினார். சாகும் தருவாயில் தன் நண்பர்களின் பெயர்களைச் சொல்லி விடைபெறுகிறார்: சார்லி, கிரிஸ், லூசி, டாம்சின், மோலி. ஐந்து பேருமே ஒலி நாடகத்தில் மட்டும் வாழ்ந்தவர்கள். திரையில் அவர்களை யாரும் பார்த்ததில்லை. குரலாக மட்டுமே இருந்தவர்களுக்கு அன்று தொலைக்காட்சி இடம் கொடுத்தது.

7. மதிப்பீடு

ஒரு சமநிலையான விடைக்கு மறுபக்கமும் வேண்டும். இந்த நாடகங்களை விலை கொடுத்து வாங்கிக் கேட்டவர்கள் தொலைக்காட்சிப் பார்வையாளர்களோடு ஒப்பிட்டால் சிறு கூட்டமே. மாதந்தோறும் வந்த முதன்மை வரிசை 2021இல் 275 வெளியீடுகளோடு நிறைவடைந்தது. இத்தனையையும் ஒரு புதியவர் எங்கே தொடங்கிக் கேட்பது? பழைய நினைவுகளையே சுற்றிச்சுற்றி வருகின்றன என்ற குறையையும் முழுவதுமாக மறுக்க முடியாது.

இருந்தாலும் விளைவைப் பார்க்க வேண்டும். டாம் பேக்கர் தொலைக்காட்சியை விட்டது 1981இல். பிக் ஃபினிஷில் அவருடைய முதல் கதை வந்தது 2012இல். மறைந்த பேட்ரிக் ட்ரௌட்டனின் பாத்திரத்துக்கு 2022 முதல் அவருடைய மகன் மைக்கேல் ட்ரௌட்டன் குரல் கொடுக்கிறார். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பதிவு செய்தார்கள், வேலை நிற்கவில்லை. அறுபதுகளில் வீட்டு மூலையில் சுழன்ற ஒலிநாடாவிலிருந்து ஒரே கயிறு அறுபடாமல் வருகிறது.

நம் வகுப்புகளுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பணி உண்டு. பாட்டி சொன்ன தோட்டப்புறக் கதையோ, தாத்தா நடித்த மேடை நாடகமோ, பள்ளி ஆண்டுவிழாப் பேச்சோ, இன்று கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவு செய்து, நாளும் இடமும் பேசியவர் பெயரும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எது பின்னாளில் மூலமாகும் என்று இன்றே யாராலும் சொல்ல முடியாது.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்

1963 – தொடரின் முதல் ஒளிபரப்பு
1966 – முதல் உருமாற்றம்
1976 – முதல் இசைத்தட்டு நாடகம்; பள்ளி வானொலி நிகழ்ச்சி
1978 வாக்கில் – பழைய பாகங்களை அழிக்கும் வழக்கம் நின்றது
1985 – ரேடியோ 4இல் ‘ஸ்லிப்பேக்’
1989 – தொலைக்காட்சித் தொடர் நிறுத்தம்
1999 – பிக் ஃபினிஷின் முதல் ‘டாக்டர் ஹூ’ நாடகம்
2005 – தொலைக்காட்சியில் மறுபிறப்பு
2013 – ஒலி நாடகப் பாத்திரங்களின் பெயர்கள் திரையில் ஒலித்தன

பயிற்சி வினாக்கள்

1. பிபிசி பழைய பாகங்களை அழித்ததற்கான காரணங்கள் நான்கினை விளக்குக. அவற்றுள் மிக முக்கியமானது எது? ஏன்?
2. ரசிகர்களின் வீட்டு ஒலிப்பதிவு ஒரு முதன்மை மூலம் ஆகுமா? அதன் பயனையும் குறைபாட்டையும் எழுதுக.
3. ‘தொலைக்காட்சி நிறுத்தப்பட்டதே ஒலி நாடகத்தின் வளர்ச்சிக்குக் காரணம்.’ இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறீர்கள்?
4. உங்கள் வட்டாரத்தில் பதிவு செய்யப்படாமல் மறைந்துகொண்டிருக்கும் ஒரு குரலையோ கலையையோ குறித்து 150 சொற்களில் எழுதுக.